மின்பொறி கழுவும் காற்று: கடலூர் சிப்காட்டுக்கு பிளாஸ்மா எவ்வளவு தூரம் உதவும்?

மின்னிறக்கத்தை வைத்துக் காற்றைச் சுத்தம் செய்வது கடலூர் மாவட்டத்துக்குப் புதிது இல்லை. நெய்வேலி அனல்மின் நிலையங்களில் பழுப்பு நிலக்கரி எரிந்து வரும் புகை, புகைபோக்கிக்குள் ஏறுவதற்கு முன்னால் ஒரு பெரிய இரும்புக் கூடத்தைக் கடக்கிறது. உள்ளே வரிசையாகத் தகடுகள், அவற்றுக்கு நடுவே மெல்லிய கம்பிகள். கம்பிகளில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம். கம்பியை ஒட்டிய காற்று அந்த அழுத்தத்தில் மங்கலாக ஒளிர ஆரம்பிக்கும். இதுதான் கொரோனா மின்னிறக்கம். அங்கே உருவாகும் அயனிகள் சாம்பல் துகள்களில் ஒட்டி அவற்றுக்கு மின்னூட்டம் தருகின்றன. ஊட்டம் பெற்ற துகளைத் தகடு இழுத்துக்கொள்கிறது. அப்புறம் தகட்டைத் தட்டினால் சாம்பல் கீழே கொட்டிவிடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபிரெடரிக் காட்ரெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்த முறை, நன்றாகப் பராமரித்தால், சாம்பலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் பிடித்துவிடும்.

ஆனால் அது பிடிப்பது தூசியை மட்டும்தான். கந்தக டை ஆக்சைடு மாதிரியான வாயுக்கள் தகடுகளுக்கு நடுவே தாராளமாக நடந்து வெளியே போய்விடும். அதே மின்னிறக்கத்தை இன்னும் கூர்மையாக்கி, வாயு மூலக்கூறையே உடைக்கும் அளவுக்குக் கொண்டுபோனால் என்ன என்று எழுந்த கேள்விதான் பிளாஸ்மா சுத்திகரிப்பு. பல நாடுகளின் ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாக இதில் உழைத்திருக்கின்றன. சில இடங்களில் ஆலைக்குள்ளும் வந்துவிட்டது. கடலூர்க்காரர்கள் இதைப் புரிந்து வைத்துக்கொள்வது அவசியம் என்று நினைக்கிறேன். இந்தத் தொழில்நுட்பத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது ஒருநாள் இங்கேயும் வருவார்கள். அன்றைக்கு எதைக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை 1980களில் வந்தது. சிதம்பரம் சாலையை ஒட்டி, உப்பனாற்றின் கரையில், மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், ரசாயனம் என்று கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. குடிகாடு, ஈச்சங்காடு, சொன்னஞ்சாவடி, சங்கொலிக்குப்பம் என ஊர்கள் அவற்றோடு மதில் பகிர்ந்து வாழ்கின்றன. 2004இல் இந்த ஊர் மக்களே காற்றைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். வாளிக்குள் ஒரு பையை வைத்துக் காற்றை இழுத்து, அந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து என்ன வாடை வந்தது என்று குறித்தும் வைத்தார்கள். அழுகிய முட்டை, அழுகிய முட்டைக்கோஸ், மனித மலம் என்று அவர்கள் பெயர் சொன்ன வாடைகளில் பலவும் கந்தகச் சேர்மங்களின் வாடை. சிப்காட் பகுதியில் வாழ்வோருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம் இயல்பைவிட 2000 மடங்காவது அதிகம் என்று நாக்பூரின் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு) நிறுவனத்தின் ஆய்வு சொன்னது 2008இல் செய்தியானது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போட்டபோது கடலூருக்குக் கிடைத்தது 77.45. எழுபதைத் தாண்டினாலே ‘கடும் மாசுக்கு உள்ளான பகுதி’.

சரி, பிளாஸ்மா என்ன செய்கிறது?

ஒரு வாயுவுக்குப் போதுமான மின்புலம் கொடுத்தால் அதன் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து வெளியே வரும். எலக்ட்ரானும் அயனியும் நடுநிலை வாயுவும் கலந்த அந்த நிலைதான் பிளாஸ்மா. 1920களின் இறுதியில் இர்விங் லாங்மியூர் வைத்த பெயர் அது. மின்னல், வெல்டிங் பொறி, குழல் விளக்கின் உள்ளே இருக்கும் வாயு எல்லாமே பிளாஸ்மாதான். வெல்டிங் பொறியில் எல்லாத் துகளும் சேர்ந்து சூடாகும், பல்லாயிரம் டிகிரிக்குப் போகும். குழல் விளக்கை மட்டும் கையால் தொடலாம். அங்கே எலக்ட்ரான்கள் மட்டும்தான் சூடு, வாயு கிட்டத்தட்ட அறை வெப்பத்திலேயே இருக்கும். காற்றையும் நீரையும் சுத்தம் செய்ய வேண்டுவது இந்த இரண்டாம் வகை, குளிர் பிளாஸ்மா.

சாதாரணக் காற்றில் இதை உண்டாக்க மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட் மின்புலம் வேண்டும். அழுத்தத்தைத் தொடர்ந்து கொடுத்தால் பொறி தடித்து, வெல்டிங் மாதிரி ஆகிக் காற்றைத்தான் சூடாக்கும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. மின்சாரத்தை நொடியில் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலான துடிப்புகளாகக் கொடுப்பது ஒன்று. அந்தக் குறுகிய நேரத்தில் எடை குறைந்த எலக்ட்ரான் மட்டும் வேகம் எடுக்கும், கனமான அயனி அசைவதற்குள் துடிப்பு முடிந்துவிடும். இரண்டு மின்வாய்களுக்கு நடுவே கண்ணாடி அல்லது பீங்கான் தடுப்பை வைப்பது மற்றொன்று. மின்னூட்டம் தடுப்பின் மேல் சேர்ந்ததும் பொறி தானே அணைந்துவிடும், அடுத்த நொடிப்பொழுதில் வேறு இடத்தில் முளைக்கும். 1857இல் ஜெர்மனியின் வெர்னர் ஃபான் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்கச் செய்த கருவி இந்தத் தடுப்பு முறையில்தான் இயங்கியது. பிரான்சின் நீஸ் நகரம் 1906லேயே குடிநீரை ஓசோனால் சுத்திகரிக்க ஆரம்பித்துவிட்டது. இன்று குடிநீர் பாட்டில் தொழிற்சாலைகளில் ஓடும் ஓசோன் கருவிகளும் பெரும்பாலும் அதே குடும்பம்தான்.

இப்படி உருவான எலக்ட்ரானுக்குச் சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கும். ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்பது வெப்பக் கணக்கில் ஏறக்குறைய 11,600 டிகிரி. ஆக்சிஜன் மூலக்கூறைப் பிரிக்கவும், நீர் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைக் கழற்றவும் ஐந்து எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல் போதும். ஆக்சிஜன் உடைந்தால் தனி ஆக்சிஜன் அணு வரும். அது இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். ஈரப்பதம் உடைந்தால் ஹைட்ராக்சில், அதாவது ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு. இந்த ஹைட்ராக்சில்தான் ஆட்டத்தின் நாயகன். குளோரின், ஓசோன் இரண்டையும்விட வலுவான ஆக்சிஜனேற்றி. பென்சீன், டொலுவீன், சாயம், மருந்து எச்சம் என்று கரிம மூலக்கூறு எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் விடாது. ஒரு குறை, அது நொடியில் மிகச் சிறு பகுதிதான் உயிரோடு இருக்கும். பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மாசு இருந்தால்தான் வேலை நடக்கும். கருவியின் வடிவமைப்பு இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் இதுதான். ஒரே சாயத்தை ஒரே அளவு சிதைக்க ஒரு கருவி எடுத்துக்கொள்ளும் மின்சாரம், இன்னொரு கருவியின் மின்சாரத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கூடுதலாக இருப்பதும் உண்டு.

காற்றில் இந்த முறைக்கு உண்மையான பலம் ஒன்று இருக்கிறது. ஆலையின் ஒரு கூடத்திலிருந்து வரும் காற்றில் கெட்ட வாயு பத்து லட்சத்தில் நூறு பங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எரித்து அழிப்பதென்றால் அந்த நூறு பங்குக்காக மிச்சமிருக்கும் அத்தனை காற்றையும் 800 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். கரித்தூள் படுக்கையில் உறிஞ்ச வைத்தால் கரி சீக்கிரம் நிறைந்துவிடும், அந்தக் கரியே அடுத்த கழிவு. பிளாஸ்மா மொத்தக் காற்றையும் சூடாக்குவதில்லை, மின்சாரத்தை எலக்ட்ரானுக்குக் கொடுக்கிறது. ஆகவே மாசு நீர்த்துப்போய் இருக்கும் இடத்தில், முக்கியமாக வாடையை அடக்குவதில், இதற்கு நியாயமான இடம் உண்டு. ஐரோப்பாவில் மீன் தீவன ஆலைகளிலும் செல்லப்பிராணி உணவு ஆலைகளிலும் குளிர் பிளாஸ்மாக் கருவிகள் வாடை நீக்க ஓடுகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடை மனித மூக்கு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். அந்த மூக்கைத் திருப்திப்படுத்துவது லேசான காரியமில்லை.

செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்தத் துறையில் லிட்டர் காற்றுக்கு எத்தனை ஜூல் மின்சாரம் என்று அளப்பார்கள். எளிதில் உடையும் வாடை வாயுவுக்குப் பத்து ஜூல் அளவில் முடியலாம். அடம்பிடிக்கும் கரைப்பான் வாயுவுக்கு நூறு ஜூலும் ஆகும். மணிக்கு 10,000 கன மீட்டர் காற்று போகும் ஒரு புகைக்குழாயில் பத்து ஜூல் என்றால் மணிக்கு 28 யூனிட் கரன்ட். நூறு ஜூல் என்றால் 278 யூனிட், ஒரு நாளைக்கு 6,600 யூனிட்டுக்கு மேல். முதல் கணக்கை எந்தக் கம்பெனியும் தாங்கும். இரண்டாவது கணக்கு வந்தால் இரவில் கருவியை அணைத்துவிடும் ஆசை வரும். வாடை இரவில்தான் அதிகம் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இடத்தில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

உடைந்த மூலக்கூறு என்னவாக மாறுகிறது என்பது செலவைவிடப் பெரிய விஷயம். எல்லாம் கார்பன் டை ஆக்சைடும் நீருமாக முடிந்தால் நல்லது. பாதியில் நின்றால் ஃபார்மால்டிஹைடு மாதிரி இடைப்பொருட்கள் வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடில் இருக்கும் கந்தகம் எங்கேயும் மறைந்துபோகாது, கந்தக டை ஆக்சைடாகவோ கந்தக அமிலமாகவோ வெளியே வரும். அதைப் பிடிக்கப் பின்னால் ஒரு காரநீர்த் தூவல் கோபுரம் கட்டாயம் வேண்டும். குளோரின் உள்ள கரைப்பான்களில்தான் எனக்குப் பெரிய பயம். டிரைகுளோரோஎதிலீன் மாதிரியான பொருளை பிளாஸ்மாவில் சிதைக்கும்போது பாஸ்ஜீன் உருவாகலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாஸ்ஜீன் முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட விஷவாயு. மருந்தும் பூச்சிக்கொல்லியும் தயாராகும் ஒரு தொழிற்பேட்டையில் குளோரின் சேர்மங்கள் இருக்கும் என்று எண்ணித்தான் திட்டம் போட வேண்டும்.

காற்றிலேயே நடக்கும் மின்னிறக்கம் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்கும். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் நார்வேயில் இதே வழியில், மின்வில்லில் காற்றைச் செலுத்தி, உரத்துக்கு நைட்ரேட் தயாரித்தார்கள். அங்கே அது விளைபொருள், இங்கே மாசு. ஓசோன் மிச்சமும் அப்படித்தான். நம் நாட்டுக் காற்றுத் தர அளவுகோல்படி ஓசோன் எட்டு மணிநேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. கருவியின் வாயில் மாங்கனீசு ஆக்சைடு வினையூக்கிப் படுக்கை வைத்தால் மிச்ச ஓசோனை உடைத்து, வரும் ஆக்சிஜனை மாசின் மேலேயே ஏவிவிடலாம். நல்ல வடிவமைப்பு அதுதான். வீட்டுக்கு விற்கும் ‘அயனி’, ‘பிளாஸ்மா’ காற்றுச் சுத்திகரிப்பான்கள் விஷயத்திலும் இதே எச்சரிக்கை. குழந்தைகள் தூங்கும் அறையில் ஓசோன் விடும் பெட்டியை வைக்காதீர்கள்.

தண்ணீருக்கு வருவோம். மின்னிறக்கத்தை நீருக்குள்ளேயே நடத்தலாம், நீரின் பரப்புக்கு மேலே நடத்தலாம், வாயுக் குமிழிகளுக்குள் நடத்தலாம், நீரைத் துளிகளாகத் தூவி அந்தத் துளிகளுக்கு நடுவேயும் நடத்தலாம். பொதுவாகக் கடைசி வழிதான் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது. துளியின் பரப்பு அதிகம், ஹைட்ராக்சில் பிறக்கும் இடத்திலேயே மாசு கைக்கு எட்டும். நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு, ஓசோன், புற ஊதாக் கதிர் எல்லாம் ஒரே சமயத்தில் கிடைப்பது இந்த முறையின் சிறப்பு. வெளியிலிருந்து ரசாயனம் எதையும் வாங்கிக் கலக்க வேண்டியதில்லை.

சாயக் கழிவுநீரில் இதைக் காட்டும்போது பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள். சில நிமிடங்களில் நீலம் வெளுத்துத் தெளிந்துவிடும். தயவுசெய்து அந்தக் காட்சியை நம்பி முடிவு செய்யாதீர்கள். நிறத்தைத் தருவது மூலக்கூறின் ஒரு சிறு பகுதி, பெரும்பாலும் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. அது அறுந்தாலே நிறம் போய்விடும். மூலக்கூறின் மிச்ச உடல் தண்ணீரில் அப்படியே கிடக்கும், சில சமயம் முதலில் இருந்ததைவிட நச்சாகவும் இருக்கும். அளக்க வேண்டியது மொத்தக் கரிமக் கார்பன், அதாவது கரிமப் பொருளாக நீரில் மிஞ்சியிருக்கும் கார்பனின் அளவு. அது குறைந்திருக்கிறதா? மீன்குஞ்சும் பாசியும் அந்த நீரில் பிழைக்கின்றனவா? இவற்றுக்குப் பதில் வந்தபிறகுதான் மேலே பேச வேண்டும்.

மின்சாரக் கணக்கு தண்ணீரிலும் கடுமையாகத்தான் இருக்கிறது. ஒரு கன மீட்டர் நீரில் ஒரு மாசைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க ஓசோன் முறைகளுக்குப் பொதுவாக ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகிறது. பிளாஸ்மா முறைகள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நூறு யூனிட் வரை கேட்கும். பத்து யூனிட் என்றே வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு 1,000 யூனிட். நூறில் ஒரு பங்காக்க வேண்டுமென்றால் 2,000. ஆகவே சாக்கடையோ, நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கக்கூடிய சாதாரணக் கழிவோ பிளாஸ்மாவிடம் போகவே கூடாது. நுண்ணுயிர் கைவிட்ட, ஓசோனும் தோற்ற இடம்தான் அதன் களம். அதற்கு நல்ல உதாரணம், தீயணைப்பு நுரையிலும் ஒட்டாத பாத்திரப் பூச்சிலும் பயன்பட்ட ஃபுளோரின் சேர்மங்கள். கார்பன்–ஃபுளோரின் பிணைப்பை ஹைட்ராக்சில் தொடுவதே இல்லை. ஆனால் ஆர்கான் வாயுக் குமிழிகளோடு நடத்தும் பிளாஸ்மாவில், எலக்ட்ரான்களே நேரடியாக அந்தப் பிணைப்பைத் தாக்குகின்றன. நியூயார்க் மாநிலத்தின் கிளார்க்சன் பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய இத்தகைய கருவியை 2019இல் ஒரு அமெரிக்க விமானப்படைத் தளத்தின் நிலத்தடி நீரில் சோதித்துப் பார்த்தார்கள். அந்தச் சேர்மங்கள் நீரின் மேற்பரப்பில் நுரைபோல் சேரும் குணமுள்ளவை, பிளாஸ்மாவும் அதே மேற்பரப்பில் வேலை செய்கிறது. பொருளும் கருவியும் இப்படிப் பொருந்துவது அபூர்வம்.

கடலோரத்துக்கென்று தனிச் சிக்கல் உப்பு. உப்பனாறு கடலோடு உறவாடும் கழிமுகம். கடலூர், புதுச்சேரி இரண்டு ஊரிலும் கரையோர போர் தண்ணீரில் உவர்ப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. சாயம், மருந்து ஆலைக் கழிவிலும் உப்பு அதிகம். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் நீருக்குள் பொறி உண்டாக்க முயன்றால் ஆற்றல் பொறியாகாமல் வெறும் மின்னோட்டமாகக் கசிந்து நீரைச் சூடாக்கிவிடும். மேற்பரப்பு, குமிழி, துளி முறைகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் குளோரைடு ஹைட்ராக்சிலை விழுங்கி, குளோரின் ஏறிய புதுச் சேர்மங்களுக்கு வழிவிடலாம். கடல்நீர் கலந்த தண்ணீரில் புரோமைடும் இருக்கும். ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் புரோமேட் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்புறம், எத்தனை பொறி அடித்தாலும் உப்பு நீங்காது, ஈயமும் பாதரசமும் அழியாது. தனிமம் தனிமமாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் கருவிக்குள் நடப்பது. கடலூரின் சிக்கலில் கணிசமான பகுதி எந்தக் கருவிக்குள்ளும் நுழைவதே இல்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பிளாஸ்மா, குழாய்க்குள் பிடிபட்டு வரும் காற்றைத்தான் கழுவும். ஊர்க்காரர்கள் முகரும் வாடையில் புகைக்குழாய் வழியாக வருவது ஒரு பகுதி. திறந்து கிடக்கும் கழிவுநீர்த் தொட்டி, மூடியில்லாத வாய்க்கால், கசியும் வால்வு, டேங்கரிலிருந்து இறக்கும்போது தப்பும் ஆவி, இரவில் திறந்துவிடும் கழிவு என்று மற்றதெல்லாம் கட்டற்றுக் கசிவது. 2025 மே மாதம் குடிகாட்டில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, கொதிக்கும் நீர் வீடுகளுக்குள் புகுந்தது. அந்தத் தொட்டிக்கு அடுத்தபடியாக உலகத்தின் மிகச் சிறந்த பிளாஸ்மாக் கருவியே நின்றிருந்தாலும் அந்த வீடுகளுக்கு ஒரு உதவியும் கிடைத்திருக்காது. தொட்டியின் சுவர்தான் உடைந்தது.

திறந்த வெளிக்காற்றையே இயந்திரம் வைத்துக் கழுவிவிடலாம் என்ற யோசனையை டெல்லி கன்னாட் பிளேசில் 2021இல் புகைக் கோபுரம் கட்டிச் சோதித்தார்கள். அது வடிகட்டியால் இயங்கியது, ஆனாலும் பாடம் பிளாஸ்மாவுக்கும் பொருந்தும். வானம் அந்தக் கோபுரத்துக்குள் அடங்கவில்லை.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் தொட்டிகளை மூடி, அந்த மூடியின் கீழே இருக்கும் காற்றை உறிஞ்சி ஒரு குழாய்க்குள் கொண்டுவர வேண்டும். வால்வுகளின் கசிவைத் தேடும் வேலையும், மழைநீரையும் கழிவுநீரையும் பிரிப்பதும் அதோடு சேர்ந்து நடக்க வேண்டும். இந்த வேலைகளில் கவர்ச்சி இல்லை, திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டவும் முடியாது. ஆனால் இவை முடிந்தபின் குழாயில் வந்து சேரும் நீர்த்த வாடைக் காற்றுதான் பிளாஸ்மாவுக்குச் சரியான இரை. ஆலைகளின் கழிவுநீரைக் கடலில் கொண்டுவிடும் பொதுக் குழாயை அடையும் முன்னால், தனித்தனி ஆலையின் அடங்காத மருந்து எச்சத்தை அந்தந்த ஆலைக்குள்ளேயே, அளவு குறைவாகவும் அடர்த்தி தெரிந்ததாகவும் இருக்கும்போதே சிதைப்பதும் பொருத்தமான வேலை. எல்லாக் கழிவும் கலந்து பெருகியபின் சிதைக்கப் போனால் மின்கட்டணம் தாங்காது.

நாளை சிப்காட்டிலோ, புதுச்சேரியின் சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையத்திலோ ஒரு கம்பெனி பிளாஸ்மாக் கருவி வைப்பதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ கருத்துக்கேட்புக் கூட்டத்திலோ சொன்னால், உள்ளே போகும் வாயு என்ன, வெளியே வருவது என்ன என்று பொருள்வாரியாகக் கேளுங்கள். மாசு ‘95 சதவீதம் நீங்கியது’ என்பது விடையாகாது, எதுவாக மாறி நீங்கியது என்பதுதான் விடை. ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெளிவாயில் இடைவிடாமல் அளக்கப்பட்டு, அந்த எண்கள் ஊராட்சி அலுவலக வாசலில் தெரிய வேண்டும். கருவியின் மின்மீட்டர் கணக்கையும் கேளுங்கள், கருவி இரவில் ஓடியதா என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

மின்சாரமே நின்றுவிடும் நிலையைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. பிளாஸ்மா மின்சாரத்தால் மட்டுமே உயிர்வாழ்வது. கரன்ட் போன நொடியே சுத்திகரிப்பும் போய்விடும், தொட்டியில் இருக்கும் ரசாயனம் மட்டும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கருவி நின்றால் உற்பத்தியும் தானாக நிற்கும்படி இரண்டையும் இணைத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத நேரத்துக்கென்று, கையால் திறந்தால் காற்றை வாங்கிக்கொள்ளும் ஒரு கரித்தூள் படுக்கை தயாராக இருக்க வேண்டும். இந்த இரண்டும் அனுமதிப் பத்திரத்தில் நிபந்தனையாக எழுதப்படாத வரை, வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒப்புதல் தரக்கூடாது.